ஸ்மார்ட்வாட்ச் சுத்தம்: திரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

ஸ்மார்ட்வாட்ச் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் திரையைத்தான் சளைக்காமல் துடைப்பார்கள். விரல் ரேகை விழுந்தால் உடனே சட்டை நுனியால் ஒரு தேய். அழுக்கு குடியிருப்பதோ கண்ணில் படாத பக்கத்தில். வாட்சைக் கழற்றிக் கவிழ்த்து, வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். நடுவில் உள்ள சென்சார் கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் தெரியும். அதைச் சுற்றியுள்ள விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஓடும். பட்டை வாட்சோடு சேரும் பள்ளத்தில் அதுவே கெட்டிப்பட்டிருக்கும். மரக்குச்சியால் லேசாகச் சுரண்டினால் ஈரமாவு போல ஒட்டிக்கொண்டு வரும். உதிர்ந்த தோல், வியர்வை உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, சரியாக அலசாத சோப்பு எல்லாம் கலந்த கலவை அது.

இது வெறும் அருவருப்பு விஷயம் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பலர் அணிந்திருந்த 20 கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். 95 சதவீதப் பட்டைகளில் பாக்டீரியா இருந்தது. ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளில் அதிகம். தங்கம், வெள்ளி போன்ற உலோகப் பட்டைகளில் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. நம்மில் பெரும்பாலோர் கட்டியிருப்பது ரப்பர் வகைதான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்காகப் பதற வேண்டாம், நம் தோலிலேயே இவற்றில் பல சாதாரணமாக வாழ்கின்றன. ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து, காற்றுப் புகாமல் அழுந்திக் கிடக்கும் இடத்தில் அவை பெருகுவதுதான் தொல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இதயத்துடிப்பைக் கணக்கிட வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சுகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். வாட்ச் எண்ணுவது அந்த ஏற்ற இறக்கத்தை. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் வேலை செய்கின்றன. நடுவில் சன்ஸ்கிரீனும் வியர்வையும் காய்ந்து படிந்திருந்தால் ஒளி சிதறும், கணக்கு தடுமாறும். உடற்பயிற்சியின்போது துடிப்பு எண்ணிக்கை தாறுமாறாகக் காட்டினால், வாட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கையில் என்னென்ன வேண்டும்

அதிகம் இல்லை. பஞ்சு உதிராத மென்மையான துணி இரண்டு, ஒன்று நனைக்க, ஒன்று துடைக்க. கண்ணாடி துடைக்கத் தரும் மைக்ரோஃபைபர் துணி நன்றாகவே போதும். மிக மென்மையான பிரஷ் ஒன்று. குழந்தைகளுக்கான பல்துலக்கும் பிரஷ் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சி சில, ஒரு மரப் பல்குத்தி. வாசனையும் ஈரப்பத கிரீமும் கலக்காத சாதுவான திரவ சோப்பு ஒரு சொட்டு. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கிடைத்தால் சரி, இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது. 99 சதவீதம் கிடைக்கிறதே, இன்னும் நன்றாகச் சுத்தமாகுமே என்று அதைத் தேட வேண்டாம். கிருமியைக் கொல்வதற்குக் கொஞ்சம் தண்ணீர் கலந்த 70 சதவீதம்தான் தோது. முழு ஆல்கஹால் வேலை முடிவதற்குள் ஆவியாகிப் போய்விடும்.

எடுக்கவே கூடாதவை: பிளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, பற்பசை, உரசித் தேய்க்கும் பொடிகள், பாத்திரம் தேய்க்கும் நார். கீறல் போகப் பற்பசை தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. கீறல் போகாது, திரை மேல் இருக்கும், விரல் எண்ணெய் ஒட்டாமல் தடுக்கும் மெல்லிய பூச்சுதான் போகும்.

முதல் வேலை, பட்டையைக் கழற்றுவது

பலர் வாட்சைப் பட்டையோடு சேர்த்தே குழாயில் காட்டிவிட்டு, சுத்தம் செய்தாகிவிட்டது என்று மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். அழுக்கு பள்ளத்திலேயே கிடக்க, அதன் மேல் இப்போது தண்ணீரும் தங்கிவிடும். அதைவிடக் கழுவாமலே இருக்கலாம்.

சார்ஜரிலிருந்து எடுத்து, வாட்சை அணைத்துவிடுங்கள். மடித்த துணியின் மேல் திரையைக் கவிழ்த்து வையுங்கள். பட்டையைக் கழற்றும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆப்பிள் வாட்சில் பின்பக்கம் பட்டைக்கு ஒன்றாக நீளவாக்கில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் நழுவி வரும். வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம், பொத்தானை மறுபடி அழுத்துங்கள். வேறு பல வாட்ச்களில் பட்டையின் அடியில், வாட்சை ஒட்டியே ஒரு சின்ன முளை தெரியும். அதை நகத்தால் உள்பக்கமாகத் தள்ளினால் பட்டையை வாட்சோடு பிணைக்கும் சிறு கம்பியான ஸ்பிரிங் பின்னின் ஒரு முனை உள்ளே போகும், பட்டையைச் சாய்த்து எடுத்துவிடலாம். முளை இல்லாத சாதாரண ஸ்பிரிங் பின் என்றால் அதற்கென்றே சிறிய கருவி உண்டு. கத்தி முனையால் நெம்பினால் வாட்சில் கீறல் விழும், பின் தெறித்து எங்கேயாவது ஓடும், அப்புறம் தரையில் தவழ வேண்டியதுதான்.

கழற்றிய கையோடு பின்னையும் பாருங்கள். வளைந்திருந்தாலோ, துருவேறியிருந்தாலோ, அழுத்தினால் திரும்பித் துள்ளி வராவிட்டாலோ மாற்றிவிடுங்கள். வாட்ச் கையிலிருந்து நழுவி விழுவதற்கு இந்த ஸ்பிரிங் பின் தளர்ந்து போவது ஒரு முக்கியக் காரணம். விலையில் அற்பமான சாமான், தாங்கிப் பிடிப்பதோ முழு வாட்சையும்.

வாட்சின் உடல்

துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சென்சார் கண்ணாடியைச் சுற்றிய விளிம்பில் ஈரப் பஞ்சுக் குச்சியை வட்டமாக ஓட்டுங்கள். குச்சி முதல் சுற்றிலேயே கறுத்து வரும். சுத்தமாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பட்டை மாட்டும் பள்ளங்களை மென்மையான பிரஷால் ஒரே திசையில் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அழுக்கு மூலைக்குள் போய் அடைந்துகொள்ளும். கெட்டிப்பட்டதற்கு மரக்குச்சி, ஊசியோ பின்னோ வேண்டாம்.

ஊசி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்சின் பக்கவாட்டில் காணும் சின்னத் துளைகள் எல்லாம் ஸ்பீக்கர் இல்லை. ஒன்று மைக்காக இருக்கும், ஒன்று காற்றழுத்தம் அளக்கும் சென்சாருக்கான வழியாக இருக்கும். பல மாடல்களில் அவற்றுக்குப் பின்னால் நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு உண்டு. குத்தினால் அது கிழியும், வெளியே எதுவும் தெரியாது. அடுத்த முறை நீந்தும்போதுதான் விஷயம் தெரியவரும். காற்றைப் பீய்ச்சி அடிக்கும் டப்பாவுக்கும் இதே தடைதான். துளைகளைப் பிரஷ் நுனியால் மேலோட்டமாகத் தட்டிவிட்டால் போதும்.

பக்கத்தில் சுழலும் திருகு இருந்தால், வியர்வையும் சன்ஸ்கிரீனும் இறுகி அது சிக்கிச் சிக்கிச் சுற்றும். ஆப்பிள் வாட்சுக்கு அந்த நிறுவனமே ஒரு வழி சொல்கிறது: வாட்சை அணைத்து, தோல் பட்டை இருந்தால் கழற்றிவிட்டு, மெதுவாக ஒழுகும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 10 முதல் 15 விநாடி பிடித்து, திருகைச் சுழற்றிக்கொண்டும் அழுத்திக்கொண்டும் இருக்க வேண்டும். சோப்பு கூடாது. பிறகு துடைத்து உலர விட வேண்டும். மற்ற வாட்ச்களுக்கு அதன் கையேட்டில் நீர்புகாத் தரம் என்ன என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மழைத்தூறலை மட்டும் தாங்கும் வாட்சுக்குக் குழாய் வேண்டாம், ஈரத் துணியே போதும்.

சார்ஜ் செய்ய உலோகப் புள்ளிகள் உள்ள வாட்சாக இருந்தால் அங்கே தனிக் கவனம் தேவை. வியர்வை என்பது உப்புத் தண்ணீர். ஈரம் காயாமல் சார்ஜரில் வைத்தால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்து நிற்கும். அப்புறம் வாட்சை நூறு விதமாகத் திருப்பி வைத்தாலும் சார்ஜ் ஏறாது. ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் புள்ளிகளைத் துடையுங்கள், சார்ஜர் பக்கத்தில் இருக்கும் முனைகளையும் சேர்த்து. சார்ஜரைத் துடைப்பதற்கு முன் மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

திரைக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, பிடிவாதக் கறைக்குச் சிறிது தண்ணீர். அவ்வளவுதான்.

ரப்பர், சிலிகான் பட்டைகள்

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இதில் மூன்று வகை உண்டு. விலை குறைந்த வாட்ச்களோடு பெரும்பாலும் டிபியூ என்ற நெகிழும் பிளாஸ்டிக் அல்லது சிலிகான் வரும். டிபியூ நாளாக ஆக மஞ்சளாகும், வெளிர் நிறமென்றால் சீக்கிரமே தெரியும். சிலிகான் தூசியையும் எண்ணெயையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஃப்ளோரோஎலாஸ்டோமர் என்ற செயற்கை ரப்பர், அது தோல் எண்ணெயை நன்றாகத் தாங்கும், அதனால் நெடுநாள் நிறம் மாறாமல் இருக்கும், விலையும் கூட. இந்த வகையைப் பற்றி ஒரு தகவல்: நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பட்டைகளைச் சோதித்து 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளோரோஎலாஸ்டோமர் பட்டைகள் சிலவற்றில் எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள் ஒன்று அதிக அளவில் இருப்பதைக் கண்டார்கள். உறங்கும்போதும் கழற்றாமல் கட்டுபவர்கள் சாதாரண சிலிகானைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் எண்ணம். இந்த வேதிப்பொருளைக் கழுவிப் போக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, கழுவும் முறை. வாட்சிலிருந்து கழற்றிய பட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். ஒரு சொட்டு சோப்பை விரல்களில் நுரைத்து இருபுறமும் தேயுங்கள். துளைகள் வரிசையாக இருக்கும் பகுதியைப் பிரஷால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் ஒரு கறுப்பு வளையம் இருக்கும், பிரஷ் எட்டாவிட்டால் பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டுத் திருகுங்கள். கொக்கியின் அடிப்புறம், பட்டையின் நுனியைச் செருகும் வளையத்தின் உள்புறம், இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள். நாற்றம் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அதன்பின் அலசுவது. தேய்ப்பதற்கு எடுத்துக்கொண்டதைப் போல இரண்டு மடங்கு நேரம் இதற்குக் கொடுங்கள். கையில் வழுவழுப்பு முழுதும் போய், ரப்பர் விரலில் கிறீச்சென்று பிடிக்க வேண்டும். மிஞ்சிய சோப்பு பட்டைக்கும் தோலுக்கும் நடுவே நாள் முழுதும் ஊறினால் அரிப்பு வரும். ‘நான் தினமும் கழுவுகிறேன், ஆனாலும் கை சிவந்துவிடுகிறது’ என்பவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

பிசுக்கு போகவில்லை என்றாலோ, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு கிருமி நீக்க வேண்டும் என்றாலோ ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடையுங்கள். மேலே சொன்ன ஃப்ளோரிடா ஆய்வில் 70 சதவீத எத்தனால் 30 விநாடியிலேயே ஏறக்குறைய எல்லா பாக்டீரியாவையும் கொன்றது. ஆனால் அழுக்கை எடுக்காமல் ஆல்கஹாலை மட்டும் மேலே தடவுவது வீண் வேலை, படலத்தின் அடியில் இருப்பவை தப்பிவிடும்.

துணி, தோல், உலோகம்

நைலான் பட்டை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்ததும் கறுப்புப் பட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வைத்து ஒரு பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, விரல்களால் கசக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஹேர் டிரையர், வாஷிங் மெஷின் எதுவும் வேண்டாம், நேர் வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். ஒட்டிப் பிரிக்கும் வகையாக இருந்தால் அதன் கொக்கிப் பக்கத்தில் நூல் துணுக்குகள் சிக்கியிருக்கும், உலர்ந்த பிரஷால் வாரி எடுத்தால் மறுபடி நன்றாகப் பிடிக்கும்.

தோல் பட்டைக்கு நான் சொல்லும் யோசனை, வியர்க்கும் வேலைக்கு அதைக் கட்டாதீர்கள் என்பதுதான். தண்ணீரில் முக்கக் கூடாது, ஆல்கஹால் படக் கூடாது. ஈரம் தொட்டுப் பிழிந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, நிழலில் ஒரு இரவு முழுக்க உலர விடுங்கள். நாளாக நிறம் கறுப்பது தோலின் இயல்பு, அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்தால் மேல்பூச்சுதான் உரியும். ஊறிப்போன வியர்வை நாற்றத்தைத் தோலிலிருந்து முழுதாக எடுப்பது நடக்காத காரியம்.

உலோகப் பட்டை சுலபம். கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போட்டு, கண்ணி கண்ணியாகப் பிரஷால் தேய்த்து, அலசி, துடைத்துக் காய வைக்கலாம். கறுப்பு, தங்க நிறப் பூச்சு உள்ளவற்றை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

உலர்த்துவது

இத்தனை வேலையையும் கெடுப்பது கடைசி ஐந்து நிமிட அவசரம்தான். பட்டை வெளியே உலர்ந்ததாகத் தெரியும், ஆனால் துளைகளிலும் பின் நுழையும் குழாயிலும் தண்ணீர் நிற்கும். துணி முனையை உருட்டி அவற்றை ஒற்றி எடுங்கள். வாட்சை உள்ளங்கையில் ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டினால் துளையில் நின்ற தண்ணீர் இறங்கும். நீர்ப்பூட்டு (தண்ணீரில் இருக்கும்போது தொடுதிரையை முடக்கி வைக்கும் ‘வாட்டர் லாக்’) வசதி உள்ள வாட்சாக இருந்தால் அதை அணைக்கும்போது ஸ்பீக்கரே அதிர்ந்து தண்ணீரை வெளியே தள்ளும். ரப்பர் பட்டைக்கு ஒரு மணி நேரம் போதும், துணிப் பட்டைக்கு ஒரு இரவு வேண்டும். துணிப் பட்டை விரும்பிகள் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுவது நல்ல ஏற்பாடு. எல்லாம் உலர்ந்த பிறகே சார்ஜரில் வையுங்கள்.

‘50 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே?

வாட்சில் 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்த அலகு) அல்லது 50 மீட்டர் என்றிருப்பது, அசையாத தண்ணீரில் அவ்வளவு ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைப் புது வாட்ச் தாங்கியது என்பதற்கான சோதனைக் கணக்கு. ஐம்பது மீட்டர் மூழ்கலாம் என்ற அனுமதி இல்லை. அந்தத் தாங்குதிறனும் நிரந்தரம் அல்ல. உள்ளே தண்ணீர் புகாமல் தடுப்பவை ரப்பர் வளையங்களும் பசையும். கீழே விழும் ஒவ்வொரு முறையும், வெந்நீர் ஆவியில் ஒவ்வொரு முறையும் அவை கொஞ்சம் தேயும். சோப்பு, ஷாம்பு, வாசனைத் திரவியம், கொசு விரட்டும் பூச்சு இவையும் பகைதான். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் நுண்ணிய இடுக்கிலும் சோப்புத் தண்ணீர் நுழைந்துவிடும். ஆகவே குளிக்கும்போது வாட்சைக் கழற்றி வையுங்கள். கடலிலோ குளோரின் போட்ட குளத்திலோ நீந்தி வந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு இடுக்கில் காய்ந்து படிகமாகிவிட்டால் எடுப்பது கஷ்டம்.

தோல் சிவந்தால்

பட்டையை இறுக்கிக் கட்டியதால் வரும் உரசல், அடியில் தங்கிய ஈரம், சோப்பு மிச்சம் ஆகியவையே பெரும்பாலான சிவப்புக்குக் காரணம். ஒரு சிலருக்கு நிக்கல் போன்ற உலோகமோ பசையில் உள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளோ ஒவ்வாமல் போகும். 2014-இல் ஃபிட்பிட் நிறுவனம் ‘ஃபோர்ஸ்’ என்ற தன் உடற்பயிற்சிக் கைப்பட்டைக் கருவியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதே இப்படிப்பட்ட தோல் ஒவ்வாமைப் புகார்களால்தான். சிவந்ததும் கழற்றி வைத்துவிட்டு, தோல் பழைய நிலைக்கு வரும்வரை அந்தக் கையில் கட்டாதீர்கள். பிறகு மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல்கடை மேலே, வாட்ச் நழுவாமலும் தோலில் தடம் பதியாமலும் கட்டிப் பாருங்கள். கொக்கி படும் இடத்தில் மட்டும் தடித்தால் உலோகத்தைச் சந்தேகிக்கலாம். கொப்புளம், நீர் வடிதல், சில நாளாகியும் ஆறாத சிவப்பு என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வாட்சையும் கூடவே எடுத்துப் போங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

வியர்த்த நாளில் எல்லாம் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒன்று. பட்டையைக் கழற்றிக் கழுவுவது வாரம் ஒருமுறை போதும். தினமும் ஓடுபவர்களுக்கு இரண்டு முறை. இரவு சார்ஜ் போடும் நேரத்தைத் தோலுக்கும் ஓய்வு நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச காலம் வாட்சைக் கட்டப்போவதில்லை என்றால் சுத்தம் செய்து, பட்டையைக் கழற்றித் தனியாக வைத்து, பேட்டரியைப் பாதியளவில் விட்டு அணைத்து வையுங்கள். லித்தியம் பேட்டரியை முழுதும் காலியாக நெடுநாள் போட்டால் மறுபடி எழாமல் போகலாம், முழுதும் நிரப்பி வெப்பத்தில் வைத்தாலும் சீக்கிரம் தளரும். மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போவது இரண்டையும்விட மோசம்.

பட்டையை மாற்ற வேண்டிய நேரம் அதை வளைத்தாலே தெரிந்துவிடும். துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விட்டிருந்தாலும், கழுவியும் மேற்பரப்பு பிசுபிசுத்தாலும், உலர்ந்த பிறகும் நாற்றம் அடித்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் சுத்தம் செய்யும்போது திரையோ அடிக்கண்ணாடியோ ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருப்பது தெரிந்தால் அது வேறு விஷயம். உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அமுக்கி ஒட்டப் பார்க்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள், சார்ஜரிலும் போடாதீர்கள். அணைத்துவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.